நிழல் தோட்டத்துக்கு இருநிற ஹோஸ்டா: வெள்ளை ஓரமா, வெள்ளை நடுவா, மஞ்சளா?

வெயில் படாத மூலையில் என்ன வைக்கலாம் என்று கேட்டால், இலையழகுக்காகவே வளர்க்கும் ஹோஸ்டா என்ற செடியைச் சட்டென்று சொல்லிவிடலாம். அதற்கப்புறம்தான் குழப்பம் ஆரம்பம். ஹோஸ்டாவில் பதிவான ரகங்களே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் கண்ணைப் பறிப்பது வெள்ளையும் மஞ்சளும் கலந்த வெரிகேட்டட் இலைகள்தான். "பேட்ரியட் வாங்கட்டுமா, ஜூன் வாங்கட்டுமா? ஃபயர் அண்ட் ஐஸ் படத்தில் அள்ளுகிறதே, நம் வீட்டு நிழலில் வருமா?" இப்படிக் கேட்கிற வாசகர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கப் போகும்போது எல்லோரும் வெள்ளையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பச்சையை. அது இலையில் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்தே அந்தச் செடி உங்கள் நிழலில் தேறுமா, தேறாதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

## இரண்டு நிறம் எப்படி வருகிறது

ஹோஸ்டாவின் வளர்நுனியில் செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஏதாவது ஓர் அடுக்கில் பச்சையம் உருவாவது நின்றுபோனால், அந்த அடுக்கிலிருந்து வரும் இலைப் பகுதி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ வெளிவரும். ஒரே செடிக்குள் இரண்டு விதமான செல்கள் சேர்ந்து வாழ்கிற இந்த நிலைக்கு கைமீரா என்று பெயர். அதனால்தான் விதை போட்டு முளைக்கவைத்தால் தாய்ச்செடியின் அதே ஓரமும் அதே நடுவும் வருவதில்லை. தூரைப் பிரித்து நட வேண்டும், இல்லையென்றால் திசு வளர்ப்பில் எடுத்த கன்று வேண்டும்.

வெள்ளைப் பகுதியில் பச்சையம் அநேகமாக இல்லை. அது உணவு தயாரிக்காமல், பக்கத்துப் பச்சை தயாரிப்பதை உண்டு வாழ்கிறது. மஞ்சளில் பச்சையம் குறைவு, ஆனாலும் கொஞ்சம் இருக்கிறது. ஆகவே மஞ்சள் இலை தன் பங்குக்கு ஏதோ செய்யும், வெள்ளை செய்யாது. நிழலில் வெளிச்சமே குறைவு என்பதால் இந்த வித்தியாசம் அங்கே பெரிதாகத் தெரியும்.

## முதலில் உங்கள் இடத்தை அளந்துகொள்ளுங்கள்

குளிர். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். ஹோஸ்டாவின் தாயகம் ஜப்பான், கொரியா, சீனா, ரஷ்யாவின் கிழக்குக் கோடி. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து மண்ணுக்குள் தூங்கினால்தான் வசந்தத்தில் வலுவாக எழும். 4 – 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுமார் 600 – 700 மணி நேரம் தேவை என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. அந்தத் தூக்கம் கிடைக்காத ஊரில் முதல் வருடம் செடி அழகாக இருக்கும், அடுத்த வருடம் சிறுக்கும், அதற்கடுத்த வருடம் தேட வேண்டியிருக்கும். தொட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து ஏமாற்றிப் பார்க்கிறவர்களும் உண்டு. ஒரு செடிக்கு வேண்டுமானால் விளையாட்டாகச் செய்யலாம், ஒரு பாத்திக்கு நடக்கிற காரியமா?

எந்த நிழல்? நிழல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் இதில் மூன்று வகை இருக்கிறது. காலையில் இரண்டு மணி நேரம் இளவெயில் விழுந்து மதியத்துக்குமேல் நிழலாகும் இடம் ஒன்று. மர இலைகளின் ஊடே வெளிச்சம் புள்ளிபுள்ளியாக விழும் இடம் இரண்டாவது. சுவர் ஓரம், அடர்ந்த மரத்தடி என நாள் முழுக்க வெயிலே எட்டாத இடம் மூன்றாவது. ஹோஸ்டா மூன்றிலும் உயிரோடு இருக்கும். மூன்றிலும் அழகாக இருக்குமா என்பது ரகத்தைப் பொறுத்தது. மதிய வெயில் சுள்ளென்று அடிக்கும் இடம் இந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஈரம். வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான தண்ணீர் வேண்டும். மண்வெட்டியை ஒரு முறை குத்திப் பாருங்கள். மர வேர் தடுத்தால் அந்த இடத்தில் தண்ணீரும் உரமும் முதலில் மரத்துக்குத்தான் போகும். நிழலால் ஹோஸ்டா சாவது அபூர்வம். மரத்தடியில் அது நலிந்தால் பெரும்பாலும் காய்ந்த மண்தான் காரணம்.

பொறுமை. பெரிய ரகங்கள் முழு உருவத்துக்கு வர ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். வீடு மாறப்போகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தின்பவர்கள். ஓடு இல்லாத நத்தைகளுக்கு ஹோஸ்டா விருந்து. மான் நடமாட்டம் இருந்தால் ஒரே இரவில் காம்பு மட்டும் மிஞ்சும். இலையில் சாப்போனின் என்ற பொருள் இருக்கிறது. நாயோ பூனையோ குதிரையோ இலையைத் தின்றால் அதற்கு வாந்தியும் பேதியும் ஆகும். இலையைக் கடிக்கிற பழக்கம் உள்ள நாய்க்குட்டி வீட்டில் இருந்தால், எந்த நிறம் என்ற கேள்விக்கே போக வேண்டாம்.

## வெள்ளை ஓரம்: பேட்ரியட், ஃபிரான்சீ

நடுவில் அடர் பச்சை, சுற்றி வெள்ளைக் கரை. இலையின் பெரும் பகுதி பச்சை என்பதால் இந்த வகை தானே தன்னைப் பார்த்துக்கொள்ளும். ஃபிரான்சீயில் கரை மெல்லியது. அதிலிருந்து திடீர் மாற்றமாகக் கிளைத்து வந்த பேட்ரியட்டில் கரை அகலம். அமெரிக்க ஹோஸ்டா வளர்ப்போர் சங்கம் 1997-இல் பேட்ரியட்டை ஆண்டின் ஹோஸ்டாவாகத் தேர்ந்தெடுத்தது. அன்றிலிருந்து போகிற நர்சரியில் எல்லாம் கிடைக்கிறது. எங்கே பார்த்தாலும் இதுதானா என்று சலித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பரவலாக இருப்பதற்குக் காரணமும் இருக்கிறது, வைத்த இடத்தில் வருகிறது.

இருட்டான மூலைக்கு வெள்ளைக் கரைதான் என் முதல் தேர்வு. வெளிச்சம் மங்கும் அந்தி நேரத்தில் பச்சை மறைந்து வெள்ளை மட்டும் தெரியும். மஞ்சள் அந்த வேலையைச் செய்வதில்லை. முழு நிழலில் மஞ்சளே பச்சையாகத் திரும்பிவிடும், வெள்ளை வெள்ளையாகவே நிற்கும்.

குறை என்ன? வெள்ளை ஓரம் மெல்லிய திசு. வெயில் பட்டால் முதலில் பழுப்பாகிக் கருகுவது அதுதான், நத்தை முதலில் கடிப்பதும் பெரும்பாலும் அதையே. இன்னொன்று, சில வெள்ளைக்கரை ரகங்களில் நடுப்பச்சை வேகமாக வளரும்போது ஓரம் கூடவே வளராமல் பின்தங்கிவிடும். அப்போது இலை, கயிறு இழுத்த சுருக்குப்பை மாதிரி ஓரத்தில் சுருங்கிக் குழிந்து, கடைசியில் ஓரம் அங்கங்கே கிழியும். நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு. மருந்தடித்துச் சரியாகிற விஷயமில்லை, அந்த ரகத்தின் சுபாவம் அப்படி. பேட்ரியட்டிலும் ஃபிரான்சீயிலும் இந்தத் தொல்லை குறைவு என்பதாலும் இவற்றைத் தைரியமாகச் சொல்கிறேன்.

## வெள்ளை நடு: ஃபயர் அண்ட் ஐஸ், அண்டுலாட்டா

படத்தில் பார்த்து மயங்கும் ரகங்கள் இவை. ஃபயர் அண்ட் ஐஸ் என்பது பேட்ரியட்டைப் புரட்டிப்போட்ட மாதிரி ஒரு செடி, பேட்ரியட்டிலிருந்தே வந்தது. நடு முழுக்க வெள்ளை, ஓரத்தில் மட்டும் அடர் பச்சை.

இங்கே கணக்கு தலைகீழ். அந்த ஒடுங்கிய பச்சை ஓரம் முழு இலைக்கும் வேருக்கும் சேர்த்து உணவு தயாரிக்க வேண்டும். ஆழ்ந்த நிழலில் அது முடிகிற காரியமில்லை. செடி வருடா வருடம் அதே அளவில் நிற்கும், அல்லது தேய்ந்துகொண்டே போகும். சரி, வெயிலில் வைக்கலாமென்றால் வெள்ளை நடு கருகி, காகிதம் போலாகி, ஓட்டை விழும். காலை இளவெயில் மட்டும் விழும் இடம், நல்ல ஈரம், மண்ணை மூடும் இலைதழை மூடாக்கு. இந்த மூன்றும் இருந்தால் மட்டுமே வாங்கலாம்.

இதைவிடப் பெரிய மறைமுகச் செலவு பச்சைக்குத் திரும்புவது. ஒரு நாள் தூரின் நடுவில் ஒரு முளை முழுப்பச்சையாக எழும். பச்சையம் நிறைய இருப்பதால் அது மற்ற முளைகளைவிடத் தடித்து, உயரமாக, ஆரோக்கியமாக இருக்கும். "செடி இப்போதுதான் பிடித்திருக்கிறது" என்று சந்தோஷப்படத் தோன்றும். விட்டுவைத்தால் இரண்டு மூன்று வருடத்தில் தூர் முழுக்கப் பச்சையாகிவிடும். அந்த இலைக்காம்பை விரலால் பிடித்தபடி மண்ணுக்குள் போங்கள். எந்தக் கழுத்திலிருந்து (வேரும் முளையும் சேரும் இடம்) கிளம்புகிறதோ அங்கே மண்ணை விலக்கி, கூர்மையான கத்தியால் அந்த முளையை வேரோடு வெட்டி எடுத்துவிடுங்கள். இலையை மட்டும் கிள்ளினால் திரும்ப வரும்.

அண்டுலாட்டா இதற்கு நல்ல உதாரணம். முறுக்கிய இலை, அகன்ற வெள்ளை நடு உள்ள பழைய ரகம் அது. அதன் வெள்ளை ஒடுங்கி ஒரு கோடாக நின்றால் யூனிவிட்டாட்டா, முழுப்பச்சையானால் எரோமெனா. கவனிக்காமல் விட்ட ஒரே செடி மூன்று பெயரில் உலா வருகிறது.

எனக்கு இந்த வகை பிடிக்கும். ஆனால் முதல் ஹோஸ்டா வாங்குகிறவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். வைப்பதாக இருந்தால் தொட்டியில் வையுங்கள். வெளிச்சம் பார்த்து நகர்த்தலாம், மர வேரோடு போட்டியும் இல்லை.

## மஞ்சள் ஓரம்: சாகே, ஃபிரான்சஸ் வில்லியம்ஸ்

ஃபிரான்சஸ் வில்லியம்ஸ் என்ற பெண்மணி 1936-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நர்சரி ஒன்றில், வரிசையாக நின்ற நீலப்பச்சை ஹோஸ்டாக்களுக்கு நடுவே மஞ்சள் ஓரத்தோடு ஒன்று நிற்பதைக் கண்டு எடுத்து வந்தார். அவர் பெயரையே தாங்கி நிற்கிற அந்தச் செடி பல பத்தாண்டுகள் எல்லோரும் ஆசைப்பட்ட ஹோஸ்டாவாக இருந்தது. தடித்த, சுருக்கம் விழுந்த பெரிய இலை. நத்தைக்கு அவ்வளவு சுலபமாகப் பல் இறங்காது. ஒன்றுதான் கோளாறு: வசந்தத்தில் இலை விரியும்போது மஞ்சள் ஓரம் மிகவும் மென்மையாக இருக்கும். அந்த நேரத்தில் கொஞ்சம் வெயிலோ உறைபனியோ பட்டால் ஓரம் முழுக்கப் பழுப்பாகிக் கருகிவிடும், அந்தக் கருகலோடுதான் அந்தப் பருவம் முழுக்க நிற்கும். இளஞ்செடியில் இது அதிகம்.

அதனால் இன்று மஞ்சள் ஓரம் கேட்பவர்களுக்கு சாகே. நீலம் கலந்த பச்சையில் மஞ்சள் கரை, கோடை போகப் போக அது வெளிறிக் க்ரீம் நிறமாகும். 2000-இல் ஆண்டின் ஹோஸ்டா. பெரிய ரகம், வளர்ந்தால் குறுக்களவு ஒன்றரை மீட்டர் வரும். அந்த இடத்தை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். சின்னக் கன்றாக வைத்து, காலியாக இருக்கிறதே என்று சுற்றி நாலு செடி வைத்தால் நாலு வருடத்தில் எல்லாவற்றையும் மூடிவிடும். புள்ளி வெளிச்சமுள்ள நிழலில் ஒற்றைச் செடியாக நிறுத்த இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. அவசரக்காரர்களுக்கு உகந்ததல்ல, அவ்வளவுதான்.

## மஞ்சள் நடு: ஜூன், பால்ஸ் குளோரி, கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்

ஜூன் என்பது ஹால்சியன் என்ற நீல ஹோஸ்டாவிலிருந்து வந்த ரகம். நடுவில் மஞ்சள், ஓரத்தில் நீலப்பச்சை, இரண்டுக்கும் நடுவே தூரிகையால் தீட்டினாற்போல் இளம்பச்சைக் கீற்றுகள். 2001-இல் ஆண்டின் ஹோஸ்டா. உயரம் 40 சென்டிமீட்டருக்குள் அடங்கும். இலை தடிப்பாக இருப்பதால் நத்தைத் தொல்லை குறைவு. நடு மஞ்சளிலும் பச்சையம் கொஞ்சம் இருப்பதால், வெள்ளை நடு ரகங்கள் திணறும் இடத்தில்கூட இது தாக்குப்பிடிக்கும்.

ஜூனின் நிறம் நிலையானதல்ல. காலை வெயில் கிடைத்தால் நடு பளிச்சென்று மஞ்சளாகும். ஆழ்ந்த நிழலில் அதே செடி வெளிர்பச்சையில் அடர்பச்சை என்று அடக்கமாக நிற்கும். கடையில் பார்த்த நிறம் வரவில்லை என்று புகார் சொல்பவர்கள் பெரும்பாலும் இருட்டான மூலையில் வைத்தவர்கள்தான். செடிக்கு ஒன்றுமில்லை, வெளிச்சம் போதவில்லை. இன்னொரு பக்கம், ஓரத்தின் நீலம் இலை மேலுள்ள மெழுகுப் படலத்தால் வருவது. கடும் வெயிலில் அந்த மெழுகு கரைந்துவிட்டால் நீலம் போய்ப் பச்சை தெரியும். விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், தேய்த்த இடம் பச்சையாகும். மஞ்சளுக்கு வெயில் வேண்டும், நீலத்துக்கு நிழல் வேண்டும். காலை வெயிலும் மதிய நிழலும் உள்ள இடத்தில் இரண்டும் சமாதானமாகிவிடும்.

பால்ஸ் குளோரியும் இதே நிற அமைப்புதான், கொஞ்சம் பெரியது, சீக்கிரம் தூர் கட்டும். கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் அழகில் இரண்டையும் மிஞ்சும், மெதுவாக வளர்வதிலும் மிஞ்சும். வளர்ப்பவர்கள் மத்தியில் அதற்கு நல்ல பெயரில்லை.

## வாசனை வேண்டுமென்றால்

சீனத்து ஹோஸ்டா பிளான்டஜினியாவின் வழிவந்த சோ ஸ்வீட், ஃபிராக்ரன்ட் பொக்கே, குவாக்கமோலி ஆகியவற்றின் பூவில் மணம் உண்டு. மற்ற ஹோஸ்டாக்களில் மணம் கிடையாது. இந்த வம்சத்துக்கு வெயிலையும் சூட்டையும் தாங்கும் சக்தி கொஞ்சம் கூடுதல், குளிர்காலமும் அவ்வளவு நீளமாக வேண்டியதில்லை. பதிலுக்குத் தண்ணீர் நிறையக் கேட்கும். குளிர் குறைவான ஊரில் ஹோஸ்டாவை முயன்று பார்த்தே தீருவேன் என்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

## ஒரே பார்வையில்

| | வெள்ளை ஓரம் | வெள்ளை நடு | மஞ்சள் ஓரம் | மஞ்சள் நடு |
|---|---|---|---|---|
| ஆழ்ந்த நிழலில் | நன்றாக வரும், நிறமும் நிற்கும் | வேண்டாம் | வரும், மஞ்சள் மங்கும் | வரும், நடு பச்சையாகும் |
| காலை வெயில் | தாங்கும் | அவசியம் | வசந்தத்தில் கவனம் | அவசியம் இல்லை, கிடைத்தால் அழகு |
| வளரும் வேகம் | நல்ல வேகம் | மிக மெது | மெது | ரகத்துக்கு ரகம் மாறும் |
| நத்தை | ஓரத்தைக் கடிக்கும் | அதிகம் | குறைவு | ஜூனில் குறைவு |
| பச்சைக்குத் திரும்புவது | எப்போதாவது | அடிக்கடி பார்க்க வேண்டும் | எப்போதாவது | எப்போதாவது |
| யாருக்கு | முதல் முறை வளர்ப்பவர், இருட்டு மூலை | தொட்டி, தினமும் பார்ப்பவர் | இடமும் பொறுமையும் உள்ளவர் | சிறிய தோட்டம், அரை நிழல் |

## விலைச்சீட்டில் வராத செலவுகள்

நத்தைக்கு இரும்பு பாஸ்பேட் குருணை போடலாம். வசந்தத்தில் முளை எட்டிப் பார்க்கும்போதே போட வேண்டும். இலை விரிந்தபின் விழுந்த ஓட்டை அந்த வருடம் முழுக்க இருக்கும், ஹோஸ்டா புது இலை விட்டு அதை மறைப்பது குறைவு.

வைரஸ் இதைவிடப் பெரிய கவலை. ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் என்பதை 1996-இல் கண்டுபிடித்தார்கள். மருந்து கிடையாது. வெளிர்நிற இலையில் நரம்பை ஒட்டி அடர் பச்சை கசிந்து பரவியிருக்கும், அந்த இடம் சில சமயம் மேடுபள்ளமாக இருக்கும். வெரிகேட்டட் ரகத்தில் இதைப் பிரித்தறிவது கஷ்டம், ஏனென்றால் ஏற்கனவே எல்லாம் கோடும் கீற்றுமாகத்தான் இருக்கிறது. வைரஸ் தாக்கிய செடியையே புது ரகம் என்று பெயர் சூட்டி விற்ற கதையும் நடந்திருக்கிறது. இயல்பான கீற்று நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒழுங்காக ஓடும், இலைக்கு இலை ஏறக்குறைய ஒத்துப்போகும். வைரஸ் கீற்று ஒழுங்கில்லாமல், ஓர் இலையில் இருந்து இன்னோர் இலையில் இல்லாமல் இருக்கும். சந்தேகம் வந்தால் செடியை எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். சாறு வழியாகப் பரவுவதால், தூர் பிரிக்கும்போது ஒவ்வொரு செடிக்கும் நடுவில் கத்தியைக் கழுவிப் பிளீச்சிங் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும்.

நரம்புகளுக்கு இடையே மட்டும் நீளப் பழுப்புப் பட்டை ஓடினால் அது இலை நூற்புழு. கோடைக் கடைசியில்தான் தெரியும். வெயில் கருகல் இப்படி நரம்பு பார்த்து நிற்காது.

மரத்தடியில் நடுபவர்களுக்கு வருடா வருடம் இலைமக்கு, மூடாக்கு, கூடுதல் தண்ணீர் என்று செலவு போய்க்கொண்டே இருக்கும். குழியில் மர வேர் நிறைந்திருந்தால் தொட்டியை மண்ணின் மேலேயே வைத்துவிடுவது மலிவு. தொட்டியில் தண்ணீர் தேங்கக் கூடாது. குளிர்காலத்தில் தேங்கி உறைந்து உருகினால் கழுத்து அழுகிவிடும்.

## ஹோஸ்டாவே வேண்டாம் என்ற வழி

குளிர்காலமே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு இதைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். வெள்ளை நடு வேண்டுமா, கலேடியம் இருக்கிறது. வருடம் முழுக்க மங்கிய வெளிச்சத்தில் நிற்க வேண்டுமா, அக்லோனிமா இருக்கிறது. காய்ந்த நிழலிலும் அசையாமல் நிற்கும் வெள்ளைக்கோடு போட்ட ஆஸ்பிடிஸ்ட்ரா இருக்கிறது, மெதுவாக வளரும். இவற்றில் கலேடியமும் அக்லோனிமாவும் நாய் பூனைக்கு ஆகாது. ஆஸ்பிடிஸ்ட்ராவில் அந்தப் பயம் இல்லை.

## நர்சரியில் நிற்கும்போது

இலையை விடத் தொட்டியின் மண் மட்டத்தைப் பாருங்கள். எத்தனை முளை மண்ணிலிருந்து தனித்தனியாகக் கிளம்புகிறது என்று எண்ணுங்கள். ஒரே முளையில் பெரிய இலையோடு நிற்பதைவிட, இலை சிறிதாக மூன்று முளையோடு நிற்பது மேல். முளைகளில் ஒன்று முழுப்பச்சையாக இருந்தால் அடுத்த தொட்டிக்குப் போங்கள். வெள்ளை நடு ரகமாக இருந்தால் ஓரத்துப் பச்சை எவ்வளவு அகலம் என்று பக்கத்துத் தொட்டிகளோடு ஒப்பிட்டு, அகலம் அதிகமானதை எடுங்கள். திசு வளர்ப்பில் வந்த கன்றுகளில் ஒரே பெயரில் இந்த அகலம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நடும்போது கழுத்து மண் மட்டத்திலேயே இருக்கட்டும், மூடாக்கு போட்டாலும் கழுத்தைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டுப் போடுங்கள்.